தலைவர் நினோவின் உள்நாட்டுப் போர்

நகுலேஸ்வரனுக்குக் கிழமையில் ஆறு நாள் நினோ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தலைவர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட இத்தாலியின் பலெர்மோவில் ஆளில்லை. மனைவி அற்புதமலருக்கு "இஞ்சாருங்கோ" போதுமாக இருந்தது. அந்த நீளமான பெயர் வதிவிட அனுமதி அட்டையில் சும்மா படுத்துக் கிடந்தது.

நினோ என்ற பெயரைச் சூட்டியவர் கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் எசமானி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு வேலை கேட்டுப் போன நாளில் அந்தச் சிஞ்ஞோரா அவருடைய பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் மூச்சு வாங்கியது. "நீ நினோ" என்று பெயர்சூட்டு விழாவை முடித்துக் கொண்டு, குளியலறை எங்கே இருக்கிறது என்று காட்டினார். சிஞ்ஞோரா காலமாகிப் பத்து வருடமாகிறது. அவர் வைத்த பெயர் நல்ல சுகத்தோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. பல்லரோ சந்தைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் எழுபத்து நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடும். அந்த ஒன்றியத்துக்கு நகுலேஸ்வரன் பதினொரு வருடமாகத் தலைவர். வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்வரிசையில் இருப்பார். "தலைவர் வாறார், வழி விடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். அந்த மண்டபத்தில் எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. யாருக்கு எந்த வீட்டில் என்ன பெயர் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. பீனோவும் தொத்தோவும் மிம்மோவும் வாசலில் செருப்போடு அந்தப் பெயர்களையும் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். ஆறு நாள் அடுத்தவன் வீட்டுக் கழிவறையைக் கழுவுகிறவனுக்கு ஏழாம் நாள் கழுத்தில் மாலை விழுவது சின்ன விஷயமில்லை. நகுலேஸ்வரன் உயிர் வாழ்ந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான். அதைப் பரிகாசம் பண்ண மனம் வராது. மற்றதற்கெல்லாம் தாராளமாக இடமிருக்கிறது.

மாளிகையில் இப்போது மிச்சமிருந்தவர் சிஞ்ஞோராவின் கணவர், ஓய்வுபெற்ற வழக்கறிஞர். ஊரே அவரை அவ்வொக்காத்தோ என்றுதான் அழைக்கும். வழக்கறிஞருக்கு அங்கே அதுதான் சொல். வயது எழுபத்தாறு. பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளுக்குப் பதிலாக ஓர் அலுமாரி நிறையச் சாம்பல் நிறச் சீருடைகளும் எட்டு வாள்களும் வைத்திருந்தார். அவருடைய பூட்டனார் நேப்பிள்ஸ் மன்னரின் சிப்பாயாம். 1860இல் தோற்று, பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினாராம். இறங்கின கையோடு அங்கேயும் போர். தெற்கு மாநிலங்கள் தனிநாடு என்று பிரிந்து போயின, வடக்கு விடமாட்டேன் என்றது. பூட்டனார் தெற்கின் சாம்பல் சட்டையை மாட்டிக் கொண்டு நான்கு வருடம் சண்டை பிடித்து அங்கேயும் தோற்றார். இரண்டு கண்டங்களில் தோற்றவர் எங்கள் வம்சத்தில்தான் உண்டு என்று அவ்வொக்காத்தோ மார் தட்டுவார்.

வருடா வருடம் மே மாத முதல் ஞாயிறு, மொண்டெல்லோக் கடற்கரைக்குப் பின்னால் உள்ள தன் எலுமிச்சைத் தோட்டத்தில் அவர் அந்தப் போரை மறுபடி நடத்துவார். பல் வைத்தியர், மருந்துக்கடைக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள் என்று முப்பது பேர் வேடம் கட்டி வருவார்கள். எல்லோருக்கும் தோற்கிற பக்கம்தான் வேண்டும். வெல்கிற வடக்கின் நீலச் சட்டை போட ஆள் பிடிப்பது குதிரைக் கொம்பு. கடைசியில் யாராவது மருமகன்மாரை வற்புறுத்தி மாட்டிவிடுவார்கள்.

சீருடைகளைத் தோய்ப்பது, இஸ்திரி போடுவது, வாள்களைத் துலக்குவது எல்லாம் நினோவின் வேலை. இருபத்திரண்டு வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்ததில் அந்தப் போரின் தளபதிகள், ஆறுகள், முற்றுகைகள் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. யார் பக்கம் நிற்பது என்பதில் அவருக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. பிரிந்து போகக் கேட்டவன் பக்கம்தான் நியாயம்.

"எங்கடை கதைதான் அப்பா," என்று அற்புதமலருக்குச் சொன்னார். "வடக்கும் தெற்கும் மட்டும்தான் அவைக்கு மாறிப் போச்சு."

அற்புதமலர் கடையில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக் கொண்டிருந்தார். அங்கே அடிமைகள் இருந்ததாகத் தொலைக்காட்சியில் காட்டினார்களே, அவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். நகுலேஸ்வரனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. இருந்தாலும் மறுநாள் காப்பியோடு அதை அவ்வொக்காத்தோவிடம் கொண்டு போனார். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது வென்றவன் எழுதிய கதை, நினோ. அது உரிமைக்கான போர். எங்கள் வீட்டில் யார் என்ன வேலை செய்வது என்பதை வெளியிலிருந்து வந்து ஒருவன் சொல்ல முடியாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற இந்தக் கெட்டித்தனம் நகுலேஸ்வரனுக்கு நெஞ்சில் குளிர்ந்தது. மறைக்க அவரிடமும் ஒரு பூசணிக்காய் இருந்தது.

ஒன்றியத்தில் பொங்கல், வருடப்பிறப்பு, நவராத்திரி மூன்றுக்கும் வேலைப் பட்டியல் போடுவது தலைவரின் பொறுப்பு. சமையல், பரிமாறல், பூசை, மேடை, கதிரை என்று ஐந்து தலைப்பு. எல்லாக் குடும்பங்களும் மாறி மாறி எல்லாத் தலைப்பிலும் வரும். ஜெயரட்ணத்தின் குடும்பம் மட்டும் எப்போதும் கதிரை என்ற தலைப்பின் கீழேயே வரும். இத்தனைக்கும் ஜெயரட்ணம் மொண்டெல்லோவில் கடற்கரையோர உணவகம் ஒன்றின் தலைமைச் சமையற்காரர். அவர் கையால் மீன் சாப்பிட வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றியத்துக்கு வந்தால் அந்தக் கை நூற்றிருபது மடக்குக் கதிரைகளை விரிக்கும், பிறகு மடிக்கும். மடிக்கும்போது நசுங்கி நசுங்கிப் பெருவிரல் நகம் கறுத்தே போயிருந்தது. சமையலறைப் பக்கம் அவர் வந்ததில்லை. வர வேண்டாம் என்று எவரும் சொன்னதுமில்லை. "ஜெயரட்ணம் எங்கடை ஊர்தான், ஆனால்" என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்காமல் விடுவார்கள். ஊரில் நகுலேஸ்வரனின் பாட்டனார் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் கூலி கேட்காமல் வேலை செய்தவர் ஜெயரட்ணத்தின் பாட்டனார் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் கதைத்ததில்லை.

கதைத்தது ஜெயரட்ணத்தின் மகள் சுலக்சனா. பலெர்மோவில் பிறந்து, சட்டம் படிக்கிற பெண். சென்ற தை மாதப் பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து, பதினொரு வருடப் பட்டியல்களையும் படமெடுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் காட்டினாள். முப்பத்து மூன்று பட்டியல்கள், அத்தனையும் தலைவரின் முத்தான கையெழுத்து, அத்தனையிலும் கதிரையின் கீழே தன் தகப்பனின் பெயர். 

நகுலேஸ்வரன் பதறவில்லை. "பழக்கம் இருக்கிற ஆள் செய்யிறதுதானே முறை," என்றார்.

இனிமேல் சீட்டுக் குலுக்கி வேலை பிரிப்போம் என்றாள் சுலக்சனா. வாக்கெடுப்பு நடந்தது. குடும்பத்துக்கு ஒரு வாக்கு. சீட்டுக் குலுக்கலுக்கு நாற்பத்தொன்று, எதிராக முப்பத்து மூன்று. அப்போதுதான் தலைவருக்கு இஸ்திரி மேசையில் படித்ததெல்லாம் கைகொடுத்தது. ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இது சாதிப் பிரச்சினை இல்லை. ஒன்றியத்தின்ரை சட்ட யாப்புப் பிரச்சினை, உரிமைப் பிரச்சினை. எங்கடை மண்டபத்திலை ஆர் என்ன வேலை செய்யிறதெண்டு நேற்று வந்த ஆக்கள் சொல்லேலாது. நாங்கள் பிரிஞ்சு போறம்."

முப்பத்து மூன்று குடும்பங்களும் கை தட்டின. தட்டி முடிந்ததும் சுலக்சனா ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"யாழ்ப்பாணத்திலை அடிமை வைச்சிருக்கக் கூடாதெண்டு சட்டம் வந்தது 1844இலை, அங்கிள். அமெரிக்காவுக்கு இருவத்தொரு வருசம் முந்தி. திருந்திறதுக்கு எங்களுக்குத்தான் கூட நேரம் கிடைச்சிருக்கு."

யாப்பில் அதற்குப் பதில் இல்லாததால் தலைவர் வெளிநடப்புச் செய்தார்.

பாகப்பிரிவினை மூன்று ஞாயிறு நடந்தது. வேலும் விளக்கும் ஆளுக்கொன்று. ஒலிவாங்கி இங்கே, ஒலிபெருக்கி அங்கே. ஆகவே இரண்டு பக்கமும் ஊமை. இருநூறு பேருக்குச் சோறு வேகிற பெரிய கிடாரமா, நூற்றிருபது கதிரைகளா என்று வந்தபோது தலைவர் கதிரைகளைக் கேட்டு வாதாடி வென்றார். ஜெயரட்ணம் கிடாரத்தை வாங்கிக் கொண்டு போனார். கதிரை யார் மடிப்பது என்ற யோசனை வென்றவர்களில் ஒருவருக்கும் அப்போது வரவில்லை.

புது ஒன்றியத்துக்குத் தொடக்கவிழா வேண்டும், பிரதம விருந்தினர் வேண்டும். நகுலேஸ்வரன் அவ்வொக்காத்தோவைக் கேட்டார். பிரிந்து வந்திருக்கிறோம் என்று சொன்னதுமே கிழவர் எழுந்து நின்று அவருடைய கையைப் பிடித்தார். மே மாதப் போர் நாளன்று உன் ஆட்களை எல்லாம் தோட்டத்துக்குக் கூட்டி வா, அங்கேயே தொடக்கவிழா, இருக்க மட்டும் கதிரை கொண்டு வாருங்கள் என்றார். பிறகு தோளில் தட்டி, "இந்தத் தடவை உனக்கும் ஒரு வேடம் இருக்கிறது, நினோ" என்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. சாம்பல் நிறக் கப்டன் சட்டை ஒன்று அலுமாரியில் யாரும் போடாமல் தொங்கிக் கொண்டிருந்தது. இஸ்திரி போடுகிற சாக்கில் நகுலேஸ்வரன் அதைப் பல தரம் போட்டுப் பார்த்திருக்கிறார். அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கும். அன்று இரவே புது ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் பிரசாந் அறிவித்தான்: தலைவர் களம் இறங்குகிறார், அனைவரும் குடும்பத்துடன் வருக.

முப்பத்து மூன்று குடும்பங்களும் வந்தன. பெண்கள் பட்டுச் சேலையில் வந்தார்கள். பிரசாந் வான் ஒன்றில் நூற்றிருபது கதிரைகளையும் ஏற்றி வந்து, வாடகைச் சாரதியைக் கொண்டே இறக்கி விரித்தான். அற்புதமலர் முன்வரிசையில் இருந்து கைபேசியைப் படம் பிடிக்கத் தயாராக வைத்திருந்தார்.

தோட்டத்து அறையில் அவ்வொக்காத்தோ தளபதி வேடத்தில் தாடி ஒட்டிக் கொண்டு நின்றார். நினோவைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஒரு பொட்டலத்தை நீட்டினார். அதற்குள் கிழிந்த வெள்ளைச் சட்டை, ஓலைத் தொப்பி, இடுப்பில் கட்ட ஒரு கயிறு. பக்கத்தில் ஒரு தண்ணீர் வாளி. பூட்டனாரின் படைத்தலைவரிடம் ஜோனா என்றொரு அடிமை இருந்தானாம். குண்டு மழைக்குள் தண்ணீர் சுமந்தவனாம். விடுதலை என்று அறிவித்த நாளில் எசமானை விட்டுப் போகமாட்டேன் என்று அழுதவனாம். இத்தனை வருடமும் அந்த வேடத்துக்குப் பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை, உன்னிடம் கேட்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது என்று சொல்லும்போது கிழவருக்குக் கண் கலங்கியது. கெட்ட மனதோடு அவர் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் கொடுமை.

நகுலேஸ்வரன் பொட்டலத்தை வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக எசமானுக்கு மறுப்புச் சொல்ல வாயெடுத்தார்.

"அவ்வொக்காத்தோ, நாங்கள் நல்ல குடும்பம். எங்கள் வீட்டில் இந்த வேலைக்கெல்லாம் ஆட்கள் இருந்தார்கள்."

"பிறகென்ன, நினோ?" என்றார் அவ்வொக்காத்தோ, மிகுந்த சந்தோஷத்தோடு. "அவர்கள் எப்படி நிற்பார்கள், எப்படிக் குனிவார்கள் என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்."

ஐந்து நிமிடம் கேட்டுக் கொண்டு வெளியே வந்தார். எலுமிச்சை மரங்களுக்கு அப்பால் நூற்றிருபது கதிரைகளில் அவருடைய நாடு உட்கார்ந்திருந்தது.  ஓடிவிடலாமா என்று பார்த்தார். வேலை போனால் அறுபது வயதில் எந்த வீட்டில் போய் நிற்பது? அப்போது அவருடைய கை தன்பாட்டில் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து ஒரு பெயரை அழுத்தியது. பதினொரு வருடப் பழக்கம். தாங்கள் செய்ய ஒவ்வாத வேலை வந்தால் கூப்பிடுகிற ஆள் ஒருவர் இருந்தார். கூப்பிட்டு, அது மணி அடிக்கும்போதுதான் அந்த ஆளை விட்டுப் பிரிந்து வந்தது தலைவருக்கு நினைவு வந்தது.

ஜெயரட்ணம் எடுத்தார். பின்னால் உணவகச் சமையலறையின் சத்தம்.

"ஜெயரட்ணம், நீ உங்கை கிட்டத்திலைதானே நிக்கிறாய்? ஒருக்கா வந்திட்டுப் போ. ஒரு சின்ன வேலை. தண்ணி வாளி தூக்கிறது. அரை மணித்தியாலம் காணும்."

அந்தப் பக்கம் எதுவோ எண்ணெயில் பொரிந்தது. ஜெயரட்ணம் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு மரியாதையாகவே சொன்னார்.

"அண்ணை, வேலையெல்லாம் இப்ப நாங்கள் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்கிறது. உங்கடை பேரையும் ஒரு துண்டிலை எழுதிப் போட்டு விடட்டே?"

போர் பதினொரு மணிக்குத் தொடங்கியது. சாம்பல் சட்டைகள் ஓடின, நீலச் சட்டைகள் புகை கிளப்பின. நடுவே ஓலைத் தொப்பியும் கயிறுமாக ஓர் உருவம் வாளியோடு வந்தது. கப்டனை எதிர்பார்த்திருந்த சனம் முதலில் அதைக் கவனிக்கவில்லை. "நினோ, தண்ணீர்" என்று தளபதி ஒலிபெருக்கியில் கத்தினார். நாடகத்துக்கு ஜோனா என்று கூப்பிட்டிருக்க வேண்டும், பழக்க தோஷம். "நினோ, இந்தப் பக்கம். நினோ, குனி." பல் வைத்தியர் குடித்தார், மருந்துக்கடைக்காரர் குடித்தார். அப்போதுதான் முன்வரிசைக்கு ஆளைத் தெரிந்தது. யாரோ கை தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். அற்புதமலர் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

கடைசிக் காட்சியில் நினோ அழ வேண்டும். அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. அவ்வொக்காத்தோ அவரைக் கட்டிப் பிடித்து, இவ்வளவு தத்ரூபமாக எவனும் செய்ததில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

தெற்கு வழக்கம்போல் தோற்றது. மீசையில் மண் ஒட்டாமல் எழுந்து எல்லோரும் மதிய உணவுக்குப் போனார்கள். சாப்பிட்டு முடிந்தது. வான் வந்து நின்றது, வாடகைச் சாரதி இந்தத் தடவை இறங்கவில்லை. நூற்றிருபது கதிரைகள் வெய்யிலில் கிடந்தன. முப்பத்து மூன்று குடும்பங்களும் கதிரைகளைப் பார்த்தன, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தன. ஒவ்வொருவருக்கும் இடுப்பு வலி, பட்டுச் சேலை, பாட்டனாரின் பெருமை என்று ஒரு தடை இருந்தது. கடைசியில் எல்லாக் கண்களும் ஓலைத் தொப்பி போட்டிருந்த ஆளில் போய் நின்றன. ஏற்கனவே அழுக்காக இருந்த உடுப்பு அவருடையதுதான்.

பதினேழாவது கதிரையில் நகுலேஸ்வரனின் பெருவிரல் நசுங்கியது. நகத்தை வாயில் வைத்துக் கொண்டார். அந்த வலி எப்படிப்பட்டதென்று அவருக்கு அதுவரை தெரியாது. அற்புதமலர் சேலையை இழுத்துச் செருகிக் கொண்டு பக்கத்தில் வந்து ஒரு கதிரையை மடித்தார். "ஜெயரட்ணம் அண்ணை இதை முப்பத்துமூண்டு தரம் மடிச்சவர்," என்றார். 

அடுத்த ஞாயிறு புது ஒன்றியம் வாடகைக்குப் பிடித்த சின்ன அறையில் கூடியது. முதல் அலுவல், வருகிற நவராத்திரிக்கு வேலைப் பட்டியல். தலைவர் தாளை விரித்து, வீங்கிய விரலோடு ஐந்து தலைப்பையும் எழுதினார். சமையலுக்குப் பதினெட்டுக் குடும்பங்கள் பெயர் கொடுத்தன. பூசைக்கு அடிபாடு. கதிரை என்ற தலைப்பின் கீழே வெறுமை. சீட்டுக் குலுக்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை; அதை எதிர்த்துத்தானே பிரிந்து வந்தார்கள்.

பிரசாந் தொண்டையைச் செருமினான். கெட்ட பிள்ளையில்லை, தலைவரிடம் அரசியல் படித்தவன்.

"பழக்கம் இருக்கிற ஆள் செய்யிறதுதானே முறை," என்றான்.

எவரும் மறுக்கவில்லை. வாக்கெடுப்புக்குக்கூடத் தேவை வரவில்லை. தலைவர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். இதற்குச் சொல்ல யாப்பில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். அந்த நேரம் பின்வரிசையில் பிந்தி வந்த யாரோ இருக்க இடமில்லாமல் நின்று, சத்தமாகக் கேட்டார்கள்.

"நினோ அண்ணை, இஞ்சை ரெண்டு கதிரை காணாது."

அறையில் ஒருவரும் திடுக்கிடவில்லை. நகுலேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். திரும்பிய பிறகுதான் எந்தப் பெயருக்குத் திரும்பினோம் என்பது அவருக்கு உறைத்தது. பேனாவை மூடிப் பையில் செருகிக் கொண்டு எழுந்து போய், சுவரோரம் சாத்தியிருந்த கதிரைகளில் இரண்டை எடுத்து வந்து விரித்தார்.